பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹெலிஸ்கீயிங்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள பகபூ மலைத்தொடரில் 1965ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவில் பிறந்த மலை வழிகாட்டியான ஹான்ஸ் குமோசர், பனிச்சறுக்கு ஆர்வலர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிச் சென்று மலைமேல் இறக்கி, அவர்களுக்கு முன்னே தாமே சறுக்கி வழிகாட்டத் தொடங்கினார். வணிக முறையிலான ஹெலிஸ்கீயிங்கின் தொடக்கம் அதுதான். அவர் அன்று பயன்படுத்திய பெல் 47 ரக ஹெலிகாப்டரில் விமானியைத் தவிர இருவர் மட்டுமே அமர முடியும். இன்று அதே மாகாணத்தின் செல்கர்க், மொனாஷி, கரிபூ மலைகளிலும் மேற்குக் கடலோர மலைத்தொடரிலும் பல நிறுவனங்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இப்பயணங்களை நடத்துகின்றன. இத்தொழில் பிறந்து வேரூன்றிய இடம் என்பதால் இந்த மலைகளை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

லிஃப்ட் வசதியுள்ள ஸ்கீ மையத்தில் எல்லைக் கயிறு உண்டு, எச்சரிக்கைப் பலகை உண்டு, ரோந்துப் பணியாளர்கள் உண்டு. ஆபத்தான சரிவுகளில் காலையிலேயே வெடி வைத்துத் தளர்ந்த பனியை இறக்கியும் விட்டிருப்பார்கள். ஹெலிகாப்டர் உங்களை இறக்கிவிடும் மலையில் இருப்பவர்கள் ஒரு வழிகாட்டியும் உங்களைப் போன்ற சில விருந்தினர்களும்தான். வழிகாட்டியே பனியில் புதைந்துவிட்டால் அவரைத் தேடித் தோண்டி எடுக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே அவர் இடும் ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் உள்ள காரணத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செல்வதுதான் புதியவர் செய்யக்கூடிய மிகச் சிறந்த ஆயத்தம். காரணம் தெரிந்தவர் குளிரிலும் களைப்பிலும்கூட அந்தக் கட்டளையை மறப்பதில்லை.

முன்பதிவுக்கு முன்

முதலில் உங்கள் திறமையை உள்ளபடியே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். கனடிய ஸ்கீ மையங்களில் கறுப்பு வைரக் குறியிட்ட கடினமான சரிவுகளில், பனி எந்த நிலையில் இருந்தாலும், இரு ஸ்கீக்களையும் (சறுக்குப் பலகைகளையும்) இணையாக வைத்துக் கட்டுப்பாட்டோடு இறங்க முடிந்தால் நீங்கள் தகுதியானவர். போட்டி வீரராக இருக்கத் தேவையில்லை. 1980களின் இறுதியில் அகலமான ஸ்கீக்கள் வந்த பிறகு பொடிப்பனியில் மிதந்து செல்வது முன்பைவிட மிகவும் எளிதாகிவிட்டது. இன்று நிறுவனங்கள் தரும் ஸ்கீக்களின் நடுப்பகுதி பெரும்பாலும் 110 மில்லிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ அகலமாக இருக்கும். ஆனால் முன்பதிவுப் படிவத்தில் திறமை நிலையைக் கூட்டி எழுதுவது உங்களோடு போகும் அனைவரையும் பாதிக்கும். குழுக்களைப் பிரிப்பது அந்தப் படிவத்தை வைத்துத்தான். வேகமான குழுவில் சிக்கிய புதியவர் மூச்சுவிட நேரமின்றித் துரத்திக்கொண்டே இருப்பார், பிற்பகலுக்குள் கால் தளர்ந்துவிடும். காயங்கள் நேர்வது பெரும்பாலும் அப்போதுதான்.

பெல் 212 போன்ற பெரிய ஹெலிகாப்டரில் ஒரு வழிகாட்டியோடு சுமார் பதினொரு விருந்தினர்கள் செல்வார்கள். ஏ-ஸ்டார் போன்ற சிறிய ஹெலிகாப்டரில் நான்கு அல்லது ஐந்து பேர் மட்டுமே. சிறிய குழுவில் வழிகாட்டியின் கவனம் அதிகம் கிடைக்கும், கட்டணமும் அதிகம். பெரிய ஹெலிகாப்டர் பல குழுக்களை மாறி மாறி ஏற்றி இறக்குவதால் இடையிடையே காத்திருக்க நேரும். அந்த ஓய்வு புதியவருக்கு நல்லதே. சில நிறுவனங்கள் முதன்முறை வருவோருக்கென்றே அறிமுக வாரங்களை நடத்துகின்றன. உங்கள் தேதிகளில் அப்படி ஒன்று கிடைத்தால் மற்ற எதையும் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ரெவல்ஸ்டோக் போன்ற ஊர்களிலிருந்து ஒரு நாள் பயணமாகவும் போய் வரலாம். அதற்கு ஆயிரம் கனடிய டாலருக்கு மேல் ஆகும். மலைக்குள் லாட்ஜில் தங்கும் ஒரு வாரப் பயணம் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிடும். எனவே இது தமக்குப் பிடிக்குமா என்று உறுதியாகத் தெரியாதவர்கள் ஒரு நாளோடு தொடங்குவதே அறிவுடைமை. வாரப் பயணத்தின் கட்டணம் நீங்கள் மொத்தமாக இறங்கும் செங்குத்து உயரத்தின் அடிப்படையில் கணக்கிடப்படலாம்: ஒப்பந்தத்தில் இத்தனை ஆயிரம் அடி என்று குறித்திருப்பார்கள், அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம், வானிலையால் குறைந்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இந்த விதியைக் கையெழுத்திடும் முன் படித்துக்கொள்ளுங்கள். பிறகு மலையில் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஹெலிகேட் கனடா என்ற, இத்தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பில் உறுப்பினரா? வழிகாட்டிகளின் சான்றிதழ் கனடிய மலை வழிகாட்டிகள் சங்கம் போன்ற அமைப்புகளிடமிருந்து பெறப்பட்டதா? 1991 முதல் நடைமுறையில் உள்ள இன்ஃபோஎக்ஸ் என்னும் தகவல் பரிமாற்றத்தில் பங்கேற்கிறார்களா? இந்த மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. போட்டி நிறுவனங்களாக இருந்தும் அவை பனியின் நிலை, கண்ட பனிச்சரிவுகள் ஆகியவற்றை நாள்தோறும் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நேற்று எந்தப் பனி அடுக்கு உடைந்தது என்பது உங்கள் வழிகாட்டிக்குத் தெரிந்திருப்பது இதன் வழியாகத்தான்.

பொறுப்பு விலக்கு ஆவணம் ஒன்றில் நீங்கள் கட்டாயம் கையெழுத்திட வேண்டியிருக்கும். அது வெறும் சம்பிரதாயம் அன்று. விபத்து நேர்ந்தால் வழக்குத் தொடரும் உரிமையைப் பெருமளவு விட்டுக்கொடுக்கிறீர்கள். 1991 மார்ச் மாதம் இதே பகபூ மலைகளில் ஒரே பனிச்சரிவில் ஒன்பது விருந்தினர்கள் இறந்தார்கள். முறைகளும் கருவிகளும் அதன் பிறகு வெகுவாக மேம்பட்டுள்ளன, ஆனால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. இதைக் குடும்பத்தாரிடம் பேசிவிட்டுச் செல்லுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு ஹெலிஸ்கீயிங்கைப் பெரும்பாலும் விலக்கியே வைக்கும். மருத்துவச் செலவு, மலையிலிருந்து மீட்புச் செலவு, பயண ரத்து ஆகிய மூன்றுக்கும் ஹெலிஸ்கீயிங் என்று பெயர் குறிப்பிட்ட காப்பீட்டையே எடுக்க வேண்டும்.

உடலும் உடைமைகளும்

நல்ல நாளொன்றில் எட்டு முதல் பன்னிரண்டு முறை இறங்குவீர்கள். ஒவ்வோர் இறக்கமும் பல நூறு மீட்டர் உயரம். ஸ்கீ மையத்தில் லிஃப்டில் அமர்ந்திருக்கும் பத்து நிமிடம் கால்களுக்கு எவ்வளவு ஓய்வு தருகிறது என்பது அந்த ஓய்வு இல்லாதபோதுதான் தெரியும். எனவே புறப்படுவதற்கு எட்டு முதல் பத்து வாரங்கள் முன்பே தொடைத் தசைகளுக்கும் இடுப்புக்கும் பயிற்சி தொடங்குங்கள். மலைப்பாதையிலோ படிக்கட்டிலோ நீண்ட நேரம் கீழே இறங்கும் பயிற்சி மிகவும் பயன் தரும், ஏனென்றால் சறுக்கும்போது தசைகள் உழைப்பதும் அதே வகையில்தான். இந்த மலைகள் பெரும்பாலும் 3,000 மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதால் உயர நோய் பற்றிய கவலை வேண்டாம்.

உடையைப் பொறுத்தவரை பருத்தி கூடாது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் வெப்பம் காக்கும் அடுக்கு, அதற்கும் மேல் நீர் புகாத மேலாடை. கையுறை இரண்டு ஜோடி. கண்ணாடிக்கு வெயில் லென்ஸோடு மங்கிய ஒளிக்கான வெளிர் நிற லென்ஸும் அவசியம், ஜனவரி மாதத்தில் பெரும்பாலான நாள் இதுதான் பயன்படும். ஸ்கீயை நிறுவனமே தரும். பூட்ஸை மட்டும் உங்களுடையதைக் கொண்டு செல்லுங்கள், அதுவும் கைப்பையில். சரக்குப் பெட்டி வழியில் தொலைந்தால் மற்ற அனைத்தையும் கடன் வாங்கலாம், காலுக்குப் பழகிய பூட்ஸை வாங்க முடியாது.

முதல் காலை: பீக்கன் பயிற்சி

எந்த வழிகாட்டியும் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் உங்களை ஹெலிகாப்டரில் ஏற்றமாட்டார். அன்று காலை உங்கள் கையில் மூன்று பொருட்கள் இருக்கும்: பீக்கன் எனப்படும் சமிக்ஞைக் கருவி, புரோப் எனப்படும் நீண்ட மடிப்புக்கோல், பனியைத் தோண்ட ஒரு சிறிய ஷவல். பல நிறுவனங்கள் இழுத்தால் ஊதிக்கொள்ளும் காற்றுப்பையும் தருகின்றன.

பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். எல்லா நிறுவனத் தயாரிப்புகளுக்கும் அலைவரிசை ஒன்றே. அதை உடலோடு ஒட்டிய வார்ப்பட்டையில், மேலாடைக்கு உள்ளே அணிய வேண்டும். வெளி ஜாக்கெட்டைப் பனிச்சரிவு கிழித்தெறியக்கூடும் என்பதே காரணம். கைபேசி, கேமரா, சூடேற்றும் கையுறை போன்ற மின்கருவிகள் அதற்குக் குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; தேடும்போது 50 சென்டிமீட்டர். பீக்கன் தேடும் நிலையில் இருக்கும்போது அருகிலுள்ள கைபேசி பொய்யான எண்களைக் காட்ட வைத்துவிடும். அதனால் கைபேசியை அணைத்து வைப்பதே நல்லது.

பனிக்கடியில் புதைந்தவரைச் சுமார் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் அந்த வாய்ப்பு வேகமாகச் சரிகிறது. நகரத்திலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். எனவேதான் பயிற்சியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வரிசை இதுதான்: வேறு பனிச்சரிவு வரக்கூடுமா என்று வழிகாட்டி பார்த்துச் சொன்ன பிறகு எல்லாரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுவது, சமிக்ஞை கிடைத்ததும் அம்புக்குறி காட்டும் திசையில், தூரத்தைக் குறிக்கும் எண் குறையக் குறைய நகர்வது, எண் மூன்றுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனியின் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்து, திசை மாற்றாமல் முன்பின்னாகவும் பிறகு இடவலமாகவும் மிகக் குறைந்த எண் காட்டும் புள்ளியைக் கண்டுபிடிப்பது.

அந்தப் புள்ளியிலிருந்து புரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். சரிவின் சாய்வைப் பாராமல் நேர் கீழ்நோக்கிக் குத்துவது புதியவர்கள் பலரும் செய்யும் பிழை. கிடைக்காவிட்டால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வடிவில் விரிந்து செல்ல வேண்டும். பாறையில் படும்போது கை உணர்வதும் மனித உடலில் படும்போது உணர்வதும் வேறு. பயிற்சியின்போது வழிகாட்டியிடம் கேட்டு, புதைத்து வைத்த முதுகுப்பையின்மேல் குத்திப் பார்த்து அந்த மென்மையைக் கையில் பழக்கிக்கொள்ளுங்கள். உடலைத் தொட்டதும் புரோப்பை வெளியே இழுக்கக் கூடாது, அதுவே அடையாளம். பிறகு புரோப்பின் அருகிலேயே குழி தோண்டாமல், புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் கீழ்ச்சரிவில் இறங்கி அங்கிருந்து கிடைமட்டமாக உள்ளே தோண்டிச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் புதைந்தவருக்கு மேலே உள்ள காற்றிடத்தை நீங்களே மிதித்து நசுக்கிவிடுவீர்கள்.

ஹெலிகாப்டரின் அருகில்

புதியவரை மிகவும் திகைக்க வைப்பது ஹெலிகாப்டர் வந்து இறங்கும் அந்த அரை நிமிடம்தான். வழிகாட்டி ஸ்கீக்களை ஒரே கட்டாகக் கட்டிப் பனிமேல் படுக்க வைப்பார். விருந்தினர்கள் அதன் பக்கத்தில் நெருக்கமாக முழங்காலிட்டு, தலையைக் குனிந்து, தொப்பி, கையுறை, பை எல்லாவற்றையும் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டர் உங்களை நோக்கி நேராக வரும், பொடிப்பனி புயலாகக் கிளம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், பனி விலகும்போது அதன் சறுக்குக்கட்டை கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கும். எழுந்து பின்வாங்கத் தோன்றும், அசையவே கூடாது. முழுவதும் வெண்மையாக இருக்கும் மலையில் தரை எங்கே என்று விமானிக்குக் காட்டும் ஒரே அடையாளம் உங்கள் குழுதான். நீங்கள் நகர்ந்தால் அவர் அந்த அடையாளத்தை இழந்துவிடுவார்.

இறங்கிய பிறகும் வழிகாட்டி கை காட்டும்வரை எழக் கூடாது. விமானியின் கண்ணுக்குத் தெரியும் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ மட்டுமே நெருங்க வேண்டும். சுழலும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது என்பதால் பின்பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. சரிவில் நிற்கும்போது மேல்சரிவிலிருந்து நெருங்குவதும் ஆபத்து, அந்தப் பக்கத்தில் மேல் விசிறி தலைக்கு மிக அருகில் சுழலும். ஸ்கீயையும் சறுக்கும்போது கையில் ஊன்றும் கோலையும் ஒருபோதும் தோளில் சாய்த்துத் தூக்காமல் இடுப்புக்குக் கீழே கிடையாகப் பிடியுங்கள். காற்றில் கையுறை பறந்தால் பறக்கட்டும், துரத்தக் கூடாது. உள்ளே அமர்ந்ததும் பெல்ட்டின் நுனி கதவுக்கு வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். உச்சியில் இறங்கியதும் அதே முறைதான்: இரண்டடி தள்ளி முழங்காலிட்டு, ஹெலிகாப்டர் எழுந்து போகும்வரை காத்திருப்பது.

சரிவில்

வழிகாட்டி முதலில் இறங்குவார். அவர் "என் தடத்துக்கு வலப்பக்கம் மட்டும்" என்று சொன்னால் இடப்பக்கத்தில் பனிமூடிய பிளவோ பாறை விளிம்போ பலவீனமான அடுக்கோ இருக்கிறது என்று பொருள். அவர் நின்ற இடத்துக்குக் கீழே ஒரு மீட்டர்கூடப் போகக் கூடாது, எப்போதும் அவருக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ஒவ்வொருவராக வரச் சொன்னால், முன்னவர் பாதுகாப்பான இடத்தை அடைந்த பிறகே அடுத்தவர் புறப்பட வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் ஆபத்தில் இருந்தால் மற்ற அனைவரும் மீட்பவர்களாக இருக்கலாம்.

சில நாள் கண்ணெதிரே தடமே படாத அழகான சரிவு ஒன்று இருக்க, வழிகாட்டி அதைத் தவிர்த்துச் சாதாரணமான காட்டுச் சரிவுக்கு அழைத்துச் செல்வார். செல்கர்க், மொனாஷி உள்ளிட்ட கொலம்பியா மலைகளில் இதற்கு அடிக்கடி காரணமாவது, தெளிந்த குளிரிரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகுபோல் வளரும் உறைபனிப் படிகங்கள். அவற்றின்மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் அந்த அடுக்கு வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும். மேலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில் கிளம்புகின்றன, சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் அதுவே. அந்தச் சரிவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல வழிகாட்டி மகிழ்ச்சியோடு விளக்குவார். ஆனால் அங்கே கூட்டிப் போகும்படி வற்புறுத்தக் கூடாது. மலைக் காரிபூ மான்களோ மலை ஆடுகளோ தென்பட்டாலும் அந்தப் பகுதியை விட்டு விலகிவிடுவார்கள்.

ஆழ்ந்த பொடிப்பனியில் உடல் எடையை இரு கால்களிலும் சமமாக வைத்து, ஸ்கீக்களைச் சற்று நெருக்கி, வேகத்தைக் குறைக்காமல் வட்டமான திருப்பங்களாக இறங்குங்கள். பின்னால் சாய்ந்து நிற்கச் சொல்வது பழைய குறுகலான ஸ்கீக்களின் காலத்து அறிவுரை, இன்று அது தொடையை எரிய வைப்பதோடு சரி. விழுந்தால் இரு கோல்களையும் பெருக்கல் குறிபோல் பனிமேல் வைத்து அதன் நடுவில் கை ஊன்றி எழ வேண்டும். ஸ்கீ கழன்று புதைந்துவிட்டால் விழுந்த குழிக்குக் கீழே தேடாதீர்கள். அது பெரும்பாலும் குழிக்கு மேல்சரிவில்தான் கிடக்கும்.

காட்டுக்குள்

பனிச்சரிவைப் பற்றிப் பயப்படும் அளவுக்கு மரக்குழியைப் பற்றிப் புதியவர்கள் பயப்படுவதில்லை, பயப்பட வேண்டும். ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த குழி உருவாகிறது. மேலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. அதில் தலைகீழாக விழுந்தவர் போராடப் போராடப் பனி உள்ளே சரிந்து மூச்சை அடைக்கும். பாதுகாப்பான முறையில் நடத்திய சோதனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேரால் தாமாக வெளியே வர முடியவில்லை.

எனவே காட்டுக்குள் போகும் முன் வழிகாட்டி உங்களுக்கு ஒரு துணையைக் குறிப்பிடுவார். அவரை விட்டுப் பிரியக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடங்களில் மாறி மாறிக் குரல் கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும். பதில் குரல் வராவிட்டால் உடனே நில்லுங்கள். கீழே போய்க் காத்திருந்துவிட்டு ஆழ்ந்த பனியில் மேலே ஏறித் திரும்பி வர இருபது நிமிடம் ஆகலாம், குழியில் இருப்பவரிடம் அவ்வளவு நேரம் இல்லை. கோல்களின் வார்களிலிருந்து கையை முன்பே எடுத்துவிடுங்கள்; கிளையில் மாட்டினால் தோள் கழலும், குழியில் விழுந்தால் கையை முகத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் மரத்தையோ கிளையையோ பற்றித் தலை மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தேவிட்டால் போராடாமல், முகத்துக்கு முன்னால் கையால் காற்றிடம் செய்து, மெதுவாக மூச்சுவிட்டு, விசிலை ஊதுங்கள். விசிலை மேலாடையின் கழுத்துப் பகுதியில், வாய்க்கு எட்டும்படி கட்டி வையுங்கள். பைக்குள் இருக்கும் விசிலால் பயனில்லை.

பறக்க முடியாத நாளும் திரும்பும் வழியும்

மேகமோ கடும் பனிப்பொழிவோ இருந்தால் ஹெலிகாப்டர் எழாது. ஒரு வாரத்தில் ஒரு நாளாவது இப்படிப் போகும் என்று எண்ணியே செல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பனி ஆழமாகவும் மென்மையாகவும் இருக்கும், ஆனால் மேகம் அதிகம் என்பதால் பெரும்பகுதி காட்டுக்குள்தான் சறுக்குவீர்கள்; மரங்களின் கருமை இல்லாமல் மேடு பள்ளம் தெரியாது. மார்ச், ஏப்ரலில் பகல் நீளும், உயர்ந்த பனியாற்றுச் சரிவுகள் திறக்கும், ஆனால் வெயில் படும் பக்கங்களில் பனி உருகி உறைந்து ஓடாகிவிடும். வெட்டவெளியைவிடக் காட்டைப் பார்த்து அஞ்சுபவர் மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

களைப்பாக இருந்தால் நண்பகலில் லாட்ஜுக்குத் திரும்பிவிடலாம். எரிபொருள் நிரப்ப ஹெலிகாப்டர் திரும்பும்போது அதில் ஏறிக்கொள்ள இடம் கேட்டால் போதும். வழிகாட்டிகள் இதை மதிக்கிறார்கள். கடைசி நாளில் வழிகாட்டிகளுக்கும் லாட்ஜ் பணியாளர்களுக்கும் அன்பளிப்பு தருவது இத்தொழிலில் வழக்கம், அதற்கான தொகையைச் செலவுக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கல்கரி விமான நிலையத்திலிருந்து ரெவல்ஸ்டோக் சுமார் 400 கிலோமீட்டர். கெலோனாவிலிருந்து சுமார் 200. கல்கரி வழியில் ரோஜர்ஸ் கணவாயைக் கடக்க வேண்டும். அங்கே நெடுஞ்சாலைக்கு மேலுள்ள சரிவுகளில் கனடிய ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியை இறக்கும்போது சாலை மணிக்கணக்கில் மூடப்படும், பெரும் பனிப்பொழிவின்போது அதற்கும் மேல் நீளும். ஆகவே பயணம் முடியும் அன்றைக்கே விமானச் சீட்டு எடுக்காமல், இடையில் ஒரு நாள் விட்டு எடுங்கள்.